பால் பெட்டியின் வெள்ளைப் பக்கம்

கோர்பிலா பண்ணை
4 ஜூன் 2022

அன்புள்ள சைமி அக்காவுக்கு,

குழப்பம் வராமலிருக்க, எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் வந்து சேர்ந்தது.
2. பூனை.
3. வீட்டுக்குப் பின்னாலுள்ள ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரத் தோப்பு. சுத்தமான காடுதான் ஆரோக்கியமான காடு என்ற என் கருத்து.
4. கொட்டகையில் நீ குவித்து வைத்திருக்கும் காலிப் பால் பெட்டிகள்.
5. நீ வீடு திரும்பும் அன்றே நான் கிளம்பிவிடுவது. நாம் இருவரும் மூன்று நாளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்பது.

முதலாவது. நீ திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள, செவ்வாய்க்கிழமை மாலைப் பேருந்தில் வந்தேன். சாவி நீ சொன்ன இடத்தில் இல்லை, பக்கத்து ஆணியில் இருந்தது. நான்தான் தவறாகப் படித்திருப்பேன்.

இரண்டாவது. மிர்ரி என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுப்பின் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. மீன் வைத்தால் நான் வெளியே போன பிறகுதான் சாப்பிடுகிறது.

மூன்றாவது. வண்டு விழுந்த மரங்களுக்குச் சிவப்பு நாடா கட்டி வை, ரெய்யோ இயந்திரத்தோடு வந்து வெட்டிக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். கட்டிவிட்டேன். பதினான்கு மரங்கள். எண் போட்டு வரைபடமும் வரைந்திருக்கிறேன். ரெய்யோ 27-ஆம் தேதி வருகிறார். 1991-இல் இதே விஷயத்துக்குத்தான் நமக்குள் சண்டை வந்தது என்பது நினைவிருக்கிறது. அன்று உன்னைக் கேட்காமல் காய்ந்த பிர்ச் மரங்களைத் தள்ளியது தவறு. ஆனால் கேட்டுவிட்டுத் தள்ளியிருந்தால் சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் அட்டை ஆலையின் ஆய்வகத்தில் இருந்தவன் நான். கூழ்க் கலனில் அழுக்கு இருந்தால் தாளில் புள்ளி விழும். காட்டுக்கும் அதே கணக்குத்தான் என்று தோன்றுகிறது. தவறென்றால் சொல்.

நான்காவது. பால் பெட்டிகளைக் கழுவி, தட்டையாக்கி, ஒன்றுக்குள் ஏழாகச் செருகி வைத்திருக்கிறாய். மிக நேர்த்தி. ஆனால் குவியல் இடுப்பளவு இருக்கிறது. மறுசுழற்சித் தொட்டி முப்பது கிலோமீட்டர் தள்ளி. கார் ஓட்ட எனக்குத் தைரியமில்லை.

ஐந்தாவதைப் பற்றி மேலே எழுதியதே போதும். நீ நிம்மதியாக இருக்கலாம்.

புது இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது?

உன் தம்பி
அர்மாஸ்

•

மறுவாழ்வு நிலையம், மூன்றாம் மாடி
9 ஜூன்

டேய் அர்மாஸ்,

கடிதம் எழுதச் சொன்னால் ஆலைக்கு அறிக்கை அனுப்புகிறாய். எழுபத்தேழு வயதிலும் நம்பர் போடாமல் உனக்கு மூச்சு விட வராது போலிருக்கிறது. இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன். போனில் நீ பேசினால் எனக்குப் பாதி காதில் விழாது. எழுதினால் முழுக்க விழுகிறது.

இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பழையது என்னுடையது என்பதால் பொறுத்துக்கொண்டேன். இது யாரோ இரும்பு வியாபாரியுடையது, அதட்டிக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே பெரிய அக்கிரமம் நடக்கிறது. முதல் நாள் காலை, பால் பெட்டியை அப்படியே குப்பையில் போட்டார்கள். சொட்டுப் பாலோடு! நர்ஸைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இது பெட்டியா, பிணமா? இப்படியே கொண்டுபோய்ப் புதைக்கிறீங்க?"

"பாட்டி, எங்களுக்கு நேரமில்ல."

"எங்களுக்கு இருக்கே. இந்த மாடில ஒன்பது பேரு சும்மாதான் உக்காந்திருக்கோம்."

பக்கத்துக் கட்டில் ஐலி தபால்காரியாக இருந்தவள். அவள் கழுவுகிறாள், நான் தட்டையாக்குகிறேன், ஜன்னலோரத்துக் கிழவர் செருகுகிறார். அவருக்குக் கை நடுக்கம். அவர் பங்கு முடிய மதியமாகிவிடும். ஆனால் விடமாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேசையில் ஒரு படிவம் கிடக்கிறது. நகராட்சியின் முதியோர் குடியிருப்பில் ஓர் அறை. ஜூலை முடிவதற்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குத் திரும்புவது அந்தத் தோப்பைப் பொறுத்தது. வண்டு பரவினால் ஒரு ஏக்கரையும் மொட்டையடித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வெட்டிய அடிக்கட்டைகள் தெரிய வேண்டுமென்றால் எனக்கு அந்த ஜன்னலே வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிடுவேன். பயமுறுத்தவில்லை, என் மனது எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். நீ நாடா கட்டிய மரங்கள் பார்க்க எப்படி இருக்கின்றன? ஒரு துண்டுப் பட்டை உரித்து அனுப்பு.

மிர்ரிக்கு மீனைக் கையில் வைத்துக் கொடு. தட்டில் வைத்தால் அதற்குக் கோபம் வரும்.

சைமி

•

கோர்பிலா
15 ஜூன்

அன்புள்ள அக்கா,

கேட்டபடி பட்டைத் துண்டை இந்தச் சின்ன அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே, திருப்பி அனுப்பு. இது எங்கள் ஆலை அட்டை. அடியில் காட்டுச் சான்று முத்திரை இருக்கிறது பார்.

ஏழாம் எண் மரத்திலிருந்து எடுத்தது. பதினான்கு மரங்களும் இப்படித்தான்: சாம்பல் நிறம், ஊசியிலை ஒன்றுகூட இல்லை, பட்டை பாதி உதிர்ந்திருக்கிறது. உரிப்பது மிக எளிதாக இருந்தது. உள்பக்கத்தில் வண்டு குடைந்த கோடுகளைப் பார்த்து அசந்துபோனேன். நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் அச்சடித்தது போல நெருக்கமாக வரிகள். இதற்கு அச்சுக்கார வண்டு என்று பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். மற்ற மரங்கள் பச்சையாக இருக்கின்றன. கவலை வேண்டாம்.

ரெய்யோ தகவல் அனுப்பினார். வேறிடத்து வேலை தள்ளிப்போனதால் 20-ஆம் தேதி திங்களன்றே வருகிறாராம். நல்லதுதானே?

மீனைக் கையில் வைத்துக் கொடுத்தேன். என் விரலையும் சேர்த்துக் கடித்தது.

அர்மாஸ்

•

மூன்றாம் மாடி
20 ஜூன், காலை

அர்மாஸ்,

வெட்டாதே! வெட்ட விடாதே!

பெட்டி இப்போதுதான் கைக்கு வந்தது. நர்ஸை விட்டு மூன்று தடவை போன் போடச் சொன்னேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய். தெரியாத எண் என்றால் தலையணைக்கடியில் வைத்துவிடுவாய். ரெய்யோவின் எண் வீட்டு நோட்டில் இருக்கிறது, என் தலையில் இல்லை.

பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். வண்டு வெளியே போன வழி அது. போன வருடமே குடும்பத்தோடு பறந்துவிட்டது. நீ நாடா கட்டியது காலி வீடுகளுக்கு. அந்தச் செத்த மரத்தில் இப்போது இருப்பதெல்லாம் வண்டைத் தின்கிற பூச்சிகள், அவற்றோடு மரங்கொத்தி. நம் ஆட்களடா அவர்கள்! அவர்களைத்தான் வெட்டப்போகிறாய்.

வண்டு இப்போது பச்சை மரத்தில் இருக்கிறது. உச்சியில் ஓர் ஊசியிலைகூடப் பழுக்காத மரத்தில்.

தபாலுக்கு நேரமாகிறது. ஐலி, தன் பழைய அலுவலகத்தில் சொல்லி இன்றே அனுப்ப வைக்கிறாளாம்.

சைமி

•

கோர்பிலா
23 ஜூன்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. ரெய்யோ திங்களன்றே வந்துவிட்டார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இயந்திரத்தை விட்டு இறங்கி, நாடாவைப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அர்மாஸண்ணே, நாடாவ மாத்திக் கட்டிட்டீங்களா?"

"இல்லையே. இதுதான்."

"செத்த மரத்தவா? இத யாரும் வெட்டச் சொல்லமாட்டாங்களே."

"சைமியக்கா சொல்லிருக்காங்க. என்கிட்ட பட்டியல் இருக்கு."

"அக்காவா சொன்னாங்க?"

"வண்டு விழுந்த மரம்னு எழுதிருக்காங்க. இதுல வண்டுக் கோடு இருக்குல்ல?"

வாழ்நாளில் நான் யாரோடும் இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. அதற்கு இந்த நாளா கிடைத்தது? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். ஒவ்வொன்றாக விழ விழ நான் பட்டியலில் கோடு போட்டேன்.

ஐந்தாவது விழுந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். விழுந்த மரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பிறகு வந்து சொன்னார்:

"இதுக்கு மேல என் மனசுக்கு ஒப்பல அண்ணே. நீங்க ஆலையில இருந்தவரு. உங்க பெட்டிக்கு அடில ஒரு முத்திரை குத்துவீங்கல்ல? அது சும்மா வருதுன்னா நெனச்சீங்க? செத்த மரத்த நிக்க விட்டாத்தான் அந்த முத்திரையே."

எனக்குத் தெரியாது அக்கா. அந்த முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று ஒரு காலத்தில் நான்தான் மாதிரி எடுத்துப் பார்ப்பேன். நன்கு பராமரித்த காடு என்று அதில் இருக்கும். பராமரிப்பு என்றால் பெருக்கித் துடைத்து வைப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து போயிற்று, ஒன்பது நிற்கிறது. நாடாக்களை அவிழ்த்துவிட்டேன். ஐந்தாவது மரத்தைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை இப்போது எழுத முடியவில்லை.

மூன்றாவது கருத்து தவறு. 1991-ஐயும் அதில் சேர்த்துக்கொள்.

நாளை மத்திய கோடைத் திருநாள். ஏரிக்கரையில் தீ மூட்டுவார்கள். நான் போகவில்லை.

அர்மாஸ்

•

மூன்றாம் மாடி
27 ஜூன்

தம்பி,

திருநாளுக்கு ஏரிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாயா? மண்டூகமே. ஐந்து மரத்துக்காக, நீ இல்லாமல் ஏரிக்கரைக் கொசுவெல்லாம் பட்டினி கிடந்திருக்கும்.

கோபமாகத்தான் இருந்தேன். கடிதத்தை ஐலியிடம் படிக்கக் கொடுத்தேன். "பட்டியலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராமே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்றுவிட்டது. அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. தப்பு என் மேலும் இருக்கிறது. வண்டு விழுந்த மரம் என்று ஒரு வரி எழுதினால் உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். நீ ஆலையில் மரநாரைப் பார்த்தவன், மரத்தைப் பார்த்தவன் இல்லை. விளக்கியிருக்க வேண்டும்.

இப்போது விளக்குகிறேன். நம்பர் போடமாட்டேன், நீயே போட்டுக்கொள்.

பச்சை மரத்துக்குள் வண்டு குடையும்போது பழுப்பு நிறத்தில் தூள் தள்ளும். காபித்தூள் மாதிரி. அடிமரத்தைச் சுற்றி, பட்டை இடுக்கில், கீழே பாசி மேல் கிடக்கும். மழை பெய்தால் கரைந்துவிடும், காற்றடித்தால் பறந்துவிடும். வெயில் தொடர்ந்து அடிக்கும் நாளாகப் பார்த்து ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார். தூள் இருந்தால் நாடா. ஜூலை நடுவில் புது வண்டு கிளம்பிவிடும். அதற்குள் அந்த மரம் பட்டையோடு காட்டை விட்டுப் போக வேண்டும். இந்தத் தடவை தவறினால் மொத்தத் தோப்பும் போச்சு.

ஐந்தாவது மரத்தில் என்ன?

சைமி

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ஐலி அதன் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டாள்.

•

கோர்பிலா
1 ஜூலை

அன்புள்ள அக்கா,

நேற்று குனிந்து பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது மரத்தில் முழங்கால் நின்றுவிட்டது. கால்வலி பெரிதில்லை. பழுப்புப் பாசி மேல் பழுப்புத் தூள் எனக்குத் தெரியவே இல்லை. கண்ணில் புரை இருக்கிறது என்று உன்னிடம் சொல்லவில்லை. இருப்பதைப் பார்க்காமல் விடுகிறேனா, இல்லாததைப் பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம். இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டகை வாசலில்தான் உட்கார்ந்தேன். எதிரே உன் பால் பெட்டிகள்.

ஆய்வகத்தில் தாளிலுள்ள தூசியை எண்ண வேண்டுமென்றால் வெள்ளைத் தட்டில் உதறுவோம். கறுப்பு மேசையில் யாரும் தேடமாட்டார்கள். பால் பெட்டியைப் பிரித்து விரித்தால் உள்பக்கம் வெள்ளை. நீ கழுவி வைத்ததில் கறைகூட இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, ஒரு நாள் விட்டுப் பார்த்தால்? மரமே தன் கதையை எழுதி வைத்துவிடும். நான் குனியக்கூட வேண்டாம், நடந்துகொண்டே பார்க்கலாம்.

இது முட்டாள்தனமாக இருந்தால் தயவுசெய்து சொல்.

குவியலை எண்ணினேன். நூற்று முப்பத்தொன்று. எல்லா மரத்தையும் ஒரே வெயில் நாளில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். இன்னும் எண்பத்தொன்று வேண்டும். உங்கள் மாடியில் எத்தனை சேர்ந்திருக்கிறது?

ஐந்தாவது மரம். அதில் மரங்கொத்திப் பொந்து இருந்தது. ரெய்யோ குனிந்து பார்த்தது அதைத்தான். உள்ளே எதுவும் இல்லை. எச்சமும் சில இறகுகளும் மட்டும் இருந்தன. குஞ்சுகள் முன்பே பறந்துவிட்டனவா, அல்லது வேறெதுவும் நடந்ததா, தெரியவில்லை. பறந்திருக்கும் என்றார் ரெய்யோ. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரோ என்னவோ. அன்றிலிருந்து காலையில் போய்க் காது கொடுத்துக் கேட்கிறேன். கொத்தும் சத்தம் இல்லை.

அர்மாஸ்

•

மூன்றாம் மாடி
5 ஜூலை

அர்மாஸ்,

தொண்ணூறு அனுப்புகிறேன். மாடியில் எண்பத்து நான்குதான் இருந்தது. விஷயம் பரவி, நேற்று இரவு உணவில் எல்லோரும் இரண்டு டம்ளர் பால் குடித்தார்கள். ஜன்னலோரத்துக் கிழவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் குடித்தார். தான் செருகியதைத் தானே பிரிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேறு. மதியம்வரை காத்திருந்தோம்.

முட்டாள்தனமா என்று கேட்டிருக்கிறாய். எண்பத்தொரு வருடமாக அந்தக் காட்டில் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லை. போதுமா?

பொந்தைப் பற்றி. ஜூன் இருபதுக்குள் குஞ்சுகள் பெரும்பாலும் கிளம்பிவிடும். பெரும்பாலும்தான். பொய் சொல்லமாட்டேன். நானும் ஒரு தடவை கூட்டோடு மரத்தைச் சாய்த்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, இப்போது உனக்கு மட்டும். அதற்குப் பிறகுதான் செத்த மரத்தைத் தொடாமல் விட ஆரம்பித்தேன். 1991-இல் உன்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

காதைத் தீட்டி வைத்திரு.

அக்கா

•

கோர்பிலா
14 ஜூலை

அன்புள்ள அக்கா,

சுருக்கமாக எழுத முயல்கிறேன்.

பெட்டிகள் வெள்ளியன்று வந்தன. சனிக்கிழமை விரித்தேன். தோப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக, துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. மிர்ரி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தது. ஞாயிறு மாலை ஒரு சுற்று நடந்தேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று பெட்டிகளில் ஊசியிலையும் எறும்பும்தான். பத்தொன்பதில் தூள். காபித்தூளேதான். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். எல்லாம் தெற்கு ஓரத்தில், வெயில் படும் பக்கம். நிமிர்ந்து பார்த்தால் பத்தொன்பதும் பச்சைப் பசேலென்று நின்றன. என் கண்ணை நம்பியிருந்தால் ஒன்றைக்கூடத் தொட்டிருக்கமாட்டேன்.

செவ்வாயன்று ரெய்யோ வந்தார். முதல் மரத்தின் பட்டையைக் கத்தியால் நெம்பினார். உள்ளே வெள்ளைப் புழுக்கள், சில ஏற்கெனவே பழுப்பாக மாறியிருந்தன.

"இன்னும் ஒரு வாரந்தான் இருந்துச்சு அண்ணே. இத எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

பெட்டியைக் காட்டினேன்.

"பால் பெட்டியா!" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நான்தான் யோசிச்சேன்னு சொல்லுவேன், பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். அன்றே கட்டைகளை லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினார். அவை அங்கே அட்டையாகி, ஒருநாள் யார் வீட்டுக்காவது பால் கொண்டு போகும். நல்ல நீளமான நார். மறுசுழற்சியில் நார் ஐந்தாறு சுற்று தாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குட்டையாகும். குட்டை நாரை வீண் என்று சொல்லக்கூடாது. நீள நார்களின் இடைவெளியை அதுதான் நிரப்பும்.

நூற்றுத் தொண்ணூற்று மூன்று நிற்கின்றன. சாம்பல் மரங்கள் ஒன்பதும் நிற்கின்றன. சமையலறை ஜன்னலிலிருந்து தெற்கு ஓரத்தில் கொஞ்சம் வானம் கூடுதலாகத் தெரிகிறது. அடிக்கட்டைகள் தெரியவில்லை. நாற்காலியைப் போட்டு, உன் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

பெட்டிகளைத் துடைத்து, மறுபடி ஒன்றுக்குள் ஏழாகச் செருகிவிட்டேன். ரெய்யோ காரில் தொட்டிக்குக் கொண்டுபோனார்.

இன்று காலை ஏழாம் எண் மரத்தில் கொத்தும் சத்தம். மஞ்சள் தொப்பி வைத்த ஒன்று, பக்கத்தில் கலைந்த இறகோடு இன்னொன்று, சின்னது. அந்தப் பொந்துக் குடும்பம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

படிவத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

அர்மாஸ்

•

மூன்றாம் மாடி
19 ஜூலை

அர்மாஸ்,

கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டாய்.

வேண்டாம் என்ற கட்டத்தில் குறி போட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். "இதுல காபிக் கறை இருக்கே பாட்டி" என்று வேறு படிவம் தந்தார்கள். அதிலும் வேண்டாம் என்று போட்டேன். கறைப் படிவத்தை ஐலி காகிதத் தொட்டியில் போட்டாள். நீ சொல்கிற அந்த அடுத்த சுற்றுக்குப் போகட்டும்.

ஆகஸ்ட் 2 மாலை வருகிறேன். கைத்தடியோடு. கஞ்சி வைத்துச் சுடும் கரேலிய ரொட்டி செய்ய உனக்கு வராது, தெரியும். அரிசிக் கஞ்சியாவது கிண்டி வை, ஓரத்தை நான் மடித்துக்கொள்கிறேன். உன் பேருந்து ஏழு மணிக்குத்தானே? நான் ஆறுக்கே வந்துவிடுவேன். ஒரு மணி நேரம் சண்டை போடாமல் இருக்கலாம், என்ன?

சைமி

•

கோர்பிலா
23 ஜூலை

அன்புள்ள அக்கா,

கஞ்சி கிண்டிப் பழகுகிறேன். முதல் முறை அடிப்பிடித்தது. மிர்ரி சாப்பிட்டது, என் எதிரிலேயே.

பேருந்து ஏழு மணிக்குத்தான். அட்டவணையைப் பார்த்துவிட்டேன். ஆனால் சீட்டு வாங்கவில்லை. தெற்கு ஓரத்துக்கு ஆகஸ்டிலும் பெட்டி விரித்துப் பார்ப்பது நல்லது என்று ரெய்யோ சொல்கிறார். வண்டுகள் இரண்டாம் முறை பறந்து வரலாமாம். அடுத்த மே மாதமும் பார்க்க வேண்டியிருக்கும். உன்னால் குனிய முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் இப்போது யாரும் குனிய வேண்டியதில்லையே. மாடி அறையில் ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தது, சரிசெய்துவிட்டேன். நீ வேண்டாம் என்றால் மறுநாள் பேருந்தும் ஏழு மணிக்குத்தான்.

இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாக யோசித்தேன். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. ஜூன் நான்காம் தேதிக் கடிதத்தில் ஐந்து கருத்துகள் எழுதியிருந்தேன். மூன்றாவது தவறு என்று முன்பே ஒப்புக்கொண்டேன்.

ஐந்தாவதும் தவறு.

அர்மாஸ்